ரோஷக்கார உடம்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில், குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண், ரயிலில் என் பலகையில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வீங்கிப் புண்ணாகியிருந்தது. குஷ்டம் என்று நினைத்து எழுந்து எதிர்ப் பலகைக்குப் போய்விட்டேன். அவள் புருஷனும் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தான்.

“எனக்கு ரோஷக்கார உடம்பாம். டாக்டர் சொன்னாரு,” என்றாள் அவனிடம்.

“குஷ்டம் இல்லயா?”

“இல்லங்க. ரெங்காஸ் வெறகு பொறுக்கினேன்ல, அந்த மரத்துப் பாலு பட்டிருக்கு. அத என் உடம்பு பெரிய எதிரின்னு நெனச்சி, சண்டைக்குப் போயி, தன் தோலயே புண்ணாக்கிக்கிச்சாம்.”

“அந்த மரத்த வெட்டினதே நான்தானே? எனக்கு ஒண்ணும் ஆவலயே?”

“உங்களுக்குத்தான் ரோஷமே கெடயாதே.”

அவன் சிரித்துவிட்டான்.

“அப்ப நான் இனிமே ஆட்டுக் கொட்டாய்ல படுக்க வேணாம்ல? பாப்பாவத் தூக்கலாம்ல? ஒட்டாதாம்ங்க.”

தண்ணீர் குடிக்க அவளுக்கென்று தனியாக வைத்திருந்த காலிப் பால் டின்னை அவன் ஜன்னல் வழியே எறிந்தான். தன் செம்பை நீட்டினான். அவள் குடித்த பிறகு அதிலேயே வாய் வைத்துக் குடித்தான்.

“அம்மா பேச்சக் கேட்டு ஒன்ன வெளிய தள்ளிட்டேன், புள்ள.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தாள்.

“அந்த அண்ணனும் எழுந்து போனாரே. ஒட்டாதுன்னு சொல்லுங்க. பாவம், பயந்திருப்பாரு.”

நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இதை எழுதவே எனக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்று 1936, பிப்ரவரி 9.