ஐரோலியின் மூவாயிரம் நாட்கள்

புத்தகம் மிக நன்றாக அச்சாகியிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்; பொறாமையில் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கெட்டி அட்டை, வழவழவென்ற தாள், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எர்லன்டால் ஸ்டீல் கம்பெனியின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு. ஜெர்மனியில் ஒரு பள்ளத்தாக்கு ஆற்றங்கரையில் ஒரு கொல்லர் 1874இல் பட்டறை போட்டதிலிருந்து எல்லாம் இருக்கிறது. கொல்லர் வளர்த்த நாய்க்குக்கூட ஒரு படம். எங்கள் ஐரோலி ஆலைக்கு, கடைசியில் ‘விற்கப்பட்ட கிளைகள்’ என்ற பட்டியலில், பொடி எழுத்தில் ஒரு வரி.

ஸ்ரீலேகா மேடம், ஆலையை விற்றபோது வேலை போனவர்களுக்காக நீங்கள் வழக்கு நடத்துகிறீர்கள். செம்பூர் ஆபீசில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டீர்கள். “மூவாயிரம் நாள் விபத்தே நடக்கலேன்னு கம்பெனி சொல்றதே, அது நிஜமா சார்?” எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த அனந்தகிருஷ்ணனைத் தவிர வேறு யாரும் இதை எழுத முடியாது.

2008இல் கம்பெனி என்னைப் பத்து நாள் எர்லன்டாலுக்கு அனுப்பியது. அந்த ஆலை வாசலில் ஒரு பலகை. கடைசி விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று அதில் எண் மாட்டியிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு கிழவர் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, எண்ணை மாற்றுவார். கேட்டுக்கு உள்ளே யாருக்காவது அடிபட்டால் மறுபடி பூஜ்யம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. திரும்பி வந்ததும் ஐரோலியில் அதே மாதிரி ஒன்று வைத்தேன். எட்டு வருஷம் நானே என் கையால் எண் மாற்றினேன். காய்ச்சல் வந்தாலும் மாட்டுங்காவிலிருந்து ரயில் பிடித்துப் போய் மாற்றிவிட்டு வருவேன். நாகலக்ஷ்மி, என் மனைவி, தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஐந்நூறு தாண்டியபோது சேர்மனிடமிருந்து கடிதம் வந்தது. மூவாயிரத்தைத் தொட்டால் நேரில் வருவதாகவும், நூற்றைம்பதாவது ஆண்டு வரலாற்றில் ஐரோலிக்கென்று தனி அத்தியாயம் தருவதாகவும் எழுதியிருந்தார். பலகையோடு என் படமும் போடுவார்களாம். ஜெர்மன்காரர்கள் வாக்குத் தவற மாட்டார்கள் என்று நான் ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சுயம்புவுக்கு அடிபட்டது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாவது நாள். இன்னும் பதின்மூன்று நாள்தான் பாக்கி இருந்தது.

அவன் தாராவியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள். எஃகுத் தகட்டுச் சுருள்களுக்குப் பட்டை கட்டுகிற வேலை. நல்ல உழைப்பாளி, நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். காலை பதினொன்றே காலுக்கு முட்டுக்கட்டை நழுவி, ஆறு டன் சுருள் ஒன்று அவன் தொடை மேல் உருண்டு நின்றது. கிரேன் வைத்துத் தூக்கினோம். நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் கவனித்தேன்.

தெரு முனையிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. வண்டியில் மூன்று நிமிஷம். ஆனால் அங்கே எங்கள் யூனிஃபார்மை எல்லோருக்கும் தெரியும். ஆலை விபத்து என்று எழுதிவிடுவார்கள். அதனால் முதலில் உடை மாற்ற வேண்டியிருந்தது. அவன் லாக்கரிலிருந்து சொந்தச் சட்டையை எடுத்துவரச் சொன்னேன். கை கால் கிரீஸைத் துடைத்தோம். சட்டை மாட்டும்போது அவனே கையைத் தூக்கிக்கொடுத்தான். பேன்ட் மாற்றத்தான் நேரமாயிற்று.

“எங்க சார் கூட்டிட்டுப் போறிய?” என்று கேட்டான்.

“ஹாஸ்பிடலுக்குத்தான். பேசாம இரு.”

“கோமதிகிட்ட இப்பம் சொல்லிராதிய. பயந்துருவா.”

டிரைவர் தௌசீப் கேட்டில் வண்டியை நிறுத்தி, “பாஜுவாலா ஹாஸ்பிடல், சாப்?” என்றான், பக்கத்து ஆஸ்பத்திரிதானே என்று. முலுண்ட் போ என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு முலுண்ட் போகிற கடல்கழிப் பாலத்தின் மேல் வண்டியை ஏற்றினான். அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டான்.

முலுண்டில், சாலையில் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போன ஆளைத் தற்செயலாகப் பார்த்துத் தூக்கி வந்ததாகச் சொன்னேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். ரத்தம் முழுக்கப் போய்விட்டது, அரை மணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அடிபட்டதிலிருந்து ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அன்று சுயம்பு வேலைக்கே வரவில்லை என்று வருகைப் பதிவேட்டை மாற்றியதும் நான்தான்.

அவன் மனைவி கோமதியம்மாளிடமும் நானே போய்ச் சொன்னேன். வேறு ஆளை அனுப்புவது மரியாதை இல்லை. அழுது முடித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க அந்த வழியா வரலேன்னா அவிய ரோட்டுல அநாதையால்லா கெடந்திருப்பாவ, சார்.” இருக்கட்டும் அம்மா என்றேன்.

மூவாயிரமாவது நாள் வந்தது. சேர்மன் வந்தார், பேடா கொடுத்தோம், பலகைக்குப் பக்கத்தில் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதே மனிதர் 2023இல் ஆலையை விற்றுவிட்டார். புத்தகத்தில் படத்தைத் தேடினேன். ஒவ்வொரு பக்கமாக மூன்று தடவை தேடினேன். கடைசியில் அழுதுவிட்டேன், மேடம். என் அப்பா போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை. “ஒரு புஸ்தகத்துக்கா இப்படி? எழுந்து சாப்பிட வாங்கோ” என்றாள் நாகலக்ஷ்மி. அவளுக்குப் புரியாது. எட்டு வருஷ உழைப்பைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: மூவாயிரம் நாள் என்பது பொய். என்னோடு அன்று இருந்த சூப்பர்வைசர் மகேஷ்குமார் நான் சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான். முடிவு என்னுடையது. தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் சுயம்பு பிழைத்திருப்பான் என்று எனக்கு அப்போதே தெரியும். இதைக் கோர்ட்டில் கொடுங்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறவர்கள் யாரென்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

என்னைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் சுயம்புவுக்கு நான் துரோகம் செய்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பாலம் தாண்டுகிற வரைக்கும் அவன் என் கையை விடவில்லை. கடைசி மூச்சு வரை அவனுக்கு என் மேல் முழு நம்பிக்கை இருந்தது.