ஒரே சோபாவில் இரு வல்லரசுகளை அமர்த்திய அம்மையாருக்கு

வந்தோரையெல்லாம் வரிசை பிசகாமல் அமர்த்திவிட்டு வாழ்நாளெல்லாம் வாசலோரமே நின்ற வரவேற்புப் பிரிவின் தலைவியே! வெளியுறவு அமைச்சகத்தின் விழித்த கண்ணே! "நாற்காலி அம்மா" என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் தங்களுக்குத் தெரியாது என்றே இத்தனை காலம் நம்பியிருந்தோம். போன வாரம் தாங்களே தொலைபேசியை எடுத்து, "நாற்காலி அம்மாதான் பேசறேன், சொல்லுங்க" என்றீர்களே, எங்கள் முகத்தில் ஈயாடவில்லை!

முப்பத்தோராண்டுப் பணி, முறை தவறாத நடை, மேசைக்கொடி சற்றே சாய்ந்திருந்தாலும் மூக்குக்கு மேல் வரும் கோபம், வந்த வேகத்திலேயே வடிந்துபோகும் மனம். இவற்றை விரித்துரைக்கலாம். ஆனால் ஓய்வு பெறும் எவருக்கும் இப்படி நாலு வார்த்தை எழுதிவிட முடியும். தங்களுக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒன்று இருக்கிறது.

நம் நாடு சிறியது. நம் நீரிணையோ ஊர்ப்பட்ட கப்பல்கள் போகும் வழி. ஆகவே இரு வல்லரசுகளுக்கும் நம்மீது பாசமோ பாசம்! ஒருவர் துறைமுகத்தை ஆழப்படுத்தித் தருகிறேன் என்றால், மற்றவர் மறுநாளே ராடாரைக் கொண்டுவந்து இறக்குவார். இருவரின் தூதர்களும் நம் கட்டடத்தில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காகவே கிழக்கு வாசலில் ஓர் அறை, மேற்கு வாசலில் ஓர் அறை என்று வகுத்தவர் தாங்கள். ஒரே உயர சோபா, ஒரே மாதிரிக் கோப்பை. "கிழக்கு வாசல்காரர்", "மேற்கு வாசல்காரர்" என்றுதான் நாங்கள் அவர்களைச் சொல்வோம்.

நீரிணை நடுவே மணல்திட்டருகில் நம் ரோந்துப் படகும் அண்டை நாட்டு ரோந்துப் படகும் மூக்கோடு மூக்கு முட்டி நின்ற வாரத்தை யார் மறப்பார்? நம் படகுக்குப் பின்னால் ஒரு வல்லரசின் போர்க்கப்பல். அவர்கள் படகுக்குப் பின்னால் மற்ற வல்லரசின் கப்பல். நம் படகிலிருந்தவர்களுள் ஒருவன், நம் ஓட்டுநர் அண்ணனின் ஒரே மகன். அண்ணன் காரிலேயே வானொலியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "எவனாவது ஒருத்தன் பயந்து சுட்டுட்டா போச்சு. முன்னால நிக்கறது என் பையன்" என்பார். எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

இரு நாட்டுச் செயலாளர்களும் இரண்டு முறை பேச உட்கார்ந்தார்கள். இரண்டு முறையும் அவர்களுக்குப் பின்னால் பார்வையாளர்களாக அந்த இரு வல்லரசுத் தூதர்கள். நம்மவர் இறங்கி வந்தால் ஒருவர் இருமுவார். அவர்கள் இறங்கி வந்தால் மற்றவர் காதைக் கடிப்பார். பேச்சு தொடங்கிய இடத்திலேயே நின்றது.

மூன்றாம் அமர்வன்று கிழக்கு அறையில் பெயின்ட் காயவில்லை. கிழக்கு வாசல்காரரை மேற்கு அறைக்கு அழைத்துப் போகச் சொன்ன எங்கள் கண்காணிப்பாளர், மற்றவரும் அங்கேதான் வருவார் என்பதை மறந்தே போனார். "அம்மா, உங்க தலையில கல்லைப் போட்டுட்டேன்மா! ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உட்கார்ந்திருக்காங்க!" என்று ஓடிவந்தார். கூட்டத்துக்கு மணி அடித்தாயிற்று, இருவரும் அசையவில்லை. முதலில் எழுபவர் மற்றவருக்கு மரியாதை கொடுத்து எழுந்ததாக ஆகிவிடுமே!

உள்ளே போய் இருவரையும் ஒருசேர அழைத்திருந்தால் நொடியில் தீர்ந்திருக்கும். தாங்கள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள். "டீ அனுப்புங்க. தீரத் தீர ஊத்துங்க" என்றீர்கள். பிறகு அரங்குக்குப் போய் பார்வையாளர் நாற்காலிகள் இரண்டையும் தங்கள் கையாலேயே தூக்கி வெளியே வைத்துவிட்டு, "அவங்க ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க. நீங்க ஆரம்பிக்கலாம்" என்று செயலாளர்களிடம் கூசாமல் சொன்னீர்கள். பேசவாவது! அங்கே ஒருவர் கூரையையும் ஒருவர் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருமவும் காதைக் கடிக்கவும் ஆளில்லாததால் செயலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். பிற்பகலில் இரு படகுகளும் ஒரே நேரத்தில் பின்வாங்கின. மேற்கு அறையில் இருவர் தொலைபேசியும் ஒன்றாக அலற, இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள்.

அவ்விரு தூதரகங்களும் முதன்முறையாக ஒத்துப்போன விஷயம், தங்கள்மீது புகார் எழுதியதுதான்! பழியை நான் ஏற்கிறேன் என்று தவித்த கண்காணிப்பாளரிடம், "மறந்தது நீங்க, தெரிஞ்சே அப்படியே விட்டது நான். போய் வேலையைப் பாருங்க" என்றீர்கள். தங்களுக்கு வரவிருந்த இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. போட்டியும் ஓயவில்லை, இரண்டு அறைகளும் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன. ஆனால் மணல்திட்டில் அன்று ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

பிரிவுபசார விழாக்களில் வழக்கமாகச் செயலாளர் வாசிக்கும் மடலை இன்று வாசிப்பவர் ஓட்டுநர் அண்ணன். "தடுமாறினாலும் நான்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். மகனும் வந்திருக்கிறான். நாற்காலி போட்டோம், "அவங்க உட்காரட்டும், அப்புறம் உட்கார்றேன்" என்று சுவரோரம் நிற்கிறான்.

நலம் நிறைந்து, நோய் விலகி, நெடுங்காலம் வாழ்க, தாயே! எங்கள் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மேடை நடுவே ஒரு நாற்காலி இருக்கிறது. தாங்களோ இந்நேரமும் கதவோரம்தான் நிற்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பையனுக்குக் கால் வலிக்கிறது. வந்து உட்காருங்க அம்மா.

என்றும் தங்கள் அன்பில்,
வரவேற்புப் பிரிவு, வாகனப் பிரிவு, தேநீர் அறைப் பணியாளர்கள்