உடையாத எழுத்து

நீங்கள் கொடுத்த தண்ணீர் நன்றாக இருக்கிறது, சார். எங்கள் உப்பளத்துப் பக்கம் போர் போட்டால் தண்ணீர் கரிக்கும். குடிக்கிற தண்ணீரைக் கேனில்தான் வாங்குகிறோம். இந்த டம்ளரை நானே கழுவி வைத்துவிடுகிறேன். அடுத்தவர் எச்சில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, என் எச்சிலையும் அடுத்தவருக்கு விடமாட்டேன்.

தம்பி கௌதமன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கம்ப்யூட்டர் கேமிலிருந்து தொடங்கினால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் உப்பு லாரியின் மேல் நின்று தார்ப்பாய் கட்டும்போது விழுந்தவன். கழுத்துக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. வலது கையில் விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவி ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நாற்றத்தோடு இருந்து பார்த்தாள். பிறகு கிளியனூரில் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன். புண்ணைக் கழுவுவதும், பீயை வழிப்பதும், ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் என் வேலையாயிற்று. தினமும் குமட்டிக்கொண்டேதான் செய்தேன். குமட்டினாலும் செய்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கூட்டாளி தேவா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான் கட்டிலோடு சேர்த்து ஒரு பலகை அடித்து, விரலால் உருட்டுகிற மவுஸ் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தான். கேமை நான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பெரிய மலை. அதில் ஒரு ஆள் நடந்துகொண்டே இருப்பான், அவ்வளவுதான். வெட்டு குத்து எதுவும் கிடையாது. கௌதமன் காலையில் நடக்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நடப்பான்.

கணக்கு என் பெயரில், என் போன் நம்பரில் இருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த கேம் கம்பெனியின் சர்வரைக் கேட்கும். சர்வர் என் போனுக்கு ஒரு கோடு அனுப்பும், ஓடிபி நம்பர் மாதிரி. நான் அதைச் சொன்னால்தான் மலை வரும்.

ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் ஒருநாள் நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். கேம் திறக்கவில்லை. கௌதமனுக்கு அழுகையே வந்துவிட்டது. "காசு குடுத்து வாங்கனது, என் ரூம்ல, என் கம்ப்யூட்டர்ல இருக்குது. இதுக்கு எவன்கிட்ட போய் பர்மிஷன் கேக்கணும்?" என்றான்.

நியாயமான கேள்விதான் என்று எனக்கும் பட்டது. அதனால் கம்பெனிக்காரன் போட்டிருந்த ஒப்பந்தத்தை போனில் எடுத்துப் படித்தேன். யாரும் படிக்காமல் ஓகே அழுத்துவார்களே, அதை முழுக்கப் படித்தேன். உனக்கு நாங்கள் விளையாட்டை விற்கவில்லை, விளையாடும் அனுமதியைத்தான் கொடுத்திருக்கிறோம், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. ஊரில் எல்லோரும் இதைத் திட்டுகிறார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு வெளிப்படையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. என் வீடு, என் சோறு, என் கை. இவை எல்லாவற்றையும் தன்னுடையவை என்றே கௌதமன் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தாகம் எடுத்தால் வாயைத் திறப்பான், சார். வார்த்தை வராது. வாயை மட்டும் திறப்பான், நான் ஓடிப்போய் ஊற்ற வேண்டும். அந்தத் திறந்த வாயைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும்.

ஆனால் கோடு வேண்டுமென்றால் கேட்பான். "அண்ணா, கோடு குடு" என்று தெளிவாகச் சொல்வான். காலையில் அதைக் கேட்டுவிட்டு அளத்துக்குக் கிளம்பினால் அன்றைக்கு மனசு லேசாக இருக்கும். அதனால் எல்லாவற்றுக்கும் அதையே முறையாக்கினேன். அண்ணா, தண்ணி குடு. அண்ணா, சோறு குடு. அண்ணா, திருப்பிப் படுக்க வை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால் மறுபடி சொல்லச் சொல்வேன். சொன்ன பிறகு ஒருநாளும் தராமல் இருந்ததில்லை.

மாசியில் தேவா வந்து கெடுத்தான். பூட்டை உடைத்த கேமை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நெட்டும் வேண்டாம், கோடும் வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். நான் மத்தியானம் சாப்பிட வந்தபோது கௌதமன் மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை நான் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. என்ன இது என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "இனிமே உன்கிட்ட கேக்க வேண்டியதில்ல."

எனக்குத் திருட்டு பிடிக்காது, சார். எங்கள் அப்பா உப்பை அம்பாரமாகக் குவித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே எழுத்து வெட்டிய பலகையால் சுற்றிலும் அழுத்தி வைப்பார். ஒரு கை உப்பு அள்ளினாலும் எழுத்து உடைந்துபோகும், காலையில் தெரிந்துவிடும். அந்த வளர்ப்பு என்னுடையது. திருட்டுச் சரக்கை என் வீட்டில் வைத்துக்கொண்டு ஒருவன் சிரிப்பதைப் பார்த்தபோது, அவன் புண்ணைக் கழுவும்போதுகூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. கேமை அழித்தேன். கம்ப்யூட்டரையும் எடுத்துக் கூடத்தில் வைத்தேன்.

அதன் பிறகு அவன் என்னை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். பழையபடி வாயைத் திறந்தான். நான் சில வாரம் பொறுத்தேன், ஊற்றினேன், ஊட்டினேன். சித்திரை பிறந்து வெயில் ஏறியது. நான் பொறுப்பதால்தான் அவன் திருந்தவில்லை என்று தோன்றியது. அனுமதியைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தேன்.

தேவாவிடம், கௌதமனைப் பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் என்று சொன்னேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் கௌதமன் அறையின் வாசற்படியை அடைத்துப் பொடி உப்பைப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அப்பாவின் பலகையால் எழுத்துப் பதித்துக் கதவைச் சாத்தினேன். எனக்குத் தெரியாமல் எவனாவது உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாதே.

தண்ணீர்க் கேனை வெளியே என் நாற்காலிப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். தூரத்தில் இல்லை. உள்ளே தகரக் கூரை, வெக்கை இருந்திருக்கும். அளத்தில் பெண்கள் அதே வெயிலில்தான் உப்பு வாருகிறார்கள்.

முதல் நாள் சத்தமே இல்லை. மறுநாள் கூப்பிட்டான். தேவா தேவா என்று கூப்பிட்டான். எனக்கு வருத்தமாக இருந்தது. திறக்கிற வார்த்தை அதுவல்ல என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு அம்மாவைக் கூப்பிட்டான். அதுவும் இல்லை. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று தேவா சொல்வது சுத்தப் பொய்.

தேவா பாண்டிச்சேரிக்குப் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கதவைத் திறந்ததும் உங்கள் ஏட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வாந்தி எடுத்தார். அவர் மேல் தப்பில்லை, எனக்கே பழக நாளாயிற்று. ஆனால் உப்பில் எழுத்து அப்படியே இருந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஒரு முனைகூட உடையவில்லை. உள்ளே யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. அப்படியிருக்கக் கொலை என்று எப்படி எழுதுகிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் அவன் ஒன்றுமே சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். சொன்னான். மூன்றாம் நாள் சாயங்காலம். அண்ணா, தண்ணி என்று கேட்டது. ஆனால் குரல் தேய்ந்து, மரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி இருந்தது. அது கௌதமன் குரல்தானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சரிபார்க்காமல் எப்படித் திறப்பது? கேன் மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன், சார். "யாரு? சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை.

இன்னொரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா? பார்த்தீர்களா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டேன், ஏட்டு எழுந்து போகிறார். இவ்வளவுதான் நான் அவனிடம் எதிர்பார்த்தது. தண்ணீர் கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லுகிற குடும்பம் இல்லை எங்களுடையது.