சாப்பாட்டுப் படகில் பாடிய தாய்

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது சரியோ பிழையோ, அம்மாளாச்சிக்குத்தான் தெரியும்.

ஊர்காவற்றுறையில் இருந்து பொழுதுபடப் புறப்படும், இராச்சாப்பாடும் பாட்டும் உள்ள படகில் ஒருநாள் நான் போனேன். பக்கத்து மேசையில் வெளிநாட்டில் இருந்து வந்திருந்த ஒரு தாயும் மகளும்.

“பாட்டுக்காரரிட்ட அந்த மைக்கை வாங்கித் தா பிள்ளை.”

“சும்மா இருங்கோ அம்மா. சனம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சண்டை நேரம் கைக்குழந்தையா உன்னைத் தூக்கிக்கொண்டு இந்தக் கடலாலதான் ஓடினனான். நீ அழுதாய். சத்தம் கேட்டால் சுடுவாங்கள் எண்டு உன்ர வாயைப் பொத்தினனான். இண்டைக்கு இதே கடலில வாய்விட்டுப் பாடுவன்.”

மகள் எழுந்து போய் மைக்கை வாங்கி வந்தாள்.

“என்ன சுருதி அம்மா?” என்று ஓர்கன் வாசிப்பவர் கேட்டார்.

“அது எனக்குத் தெரியாது தம்பி. நான் பாடுறன், நீர் பின்னால வாரும்.”

தாய் தேவாரம் பாடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துவிட்டு எழுந்து நின்றது. பாதியில் குரல் தளர்ந்தது.

“இன்னும் சத்தமாப் பாடுங்கோ அம்மா,” என்றாள் மகள்.

கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். நீங்களும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.