ஆயிர வருஷ அரசாட்சியும் ஹாலிஎலக் கோப்பி ஸ்டோரும்

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல், பசறை ரோட்டில் ஒரு மதகுச் சுவரின்மேல் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அருமைநாயகம் உபதேசியார் காலமானார். கூட நடந்தவரிடம், "நீங்க முன்னால போங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போனது, எனக்குத் தெரிந்தவரை, அந்த ஒரு தடவைதான்.

தலைமை வகிக்கும் போதகர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்த இந்தத் துக்கத்திலும் வந்தவர்களுக்குத் தேநீர் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பரிமளம் அம்மாள் அவர்களே, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே!

பதுளைக் கடைவீதியில் அரிசியும் துணியும் விற்கிற கதிர்காமநாதன் நான். நான் கும்பிடுகிற சாமி கதிர்காமத்தில் இருக்கிறார். உங்கள் உபதேசியாருக்கு அஞ்சலி செய்ய என்னை ஏன் கூப்பிட்டீர்கள்? முன்பு கோப்பிக்கொட்டை மூட்டை அடுக்கின, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோப்பி ஸ்டோருக்கு நான் சொந்தக்காரன் என்பதால் மட்டும் இருக்காது என்று நம்புகிறேன். உபதேசியார் என்னைத் தன் சபைக்கு விடாமல் அழைத்தார், நான் விடாமல் மறுத்தேன். இப்படியே முப்பது வருஷத்துக்குமேல் சிநேகமாக இருந்தோம். கடைக்கு வருவார், அரிசி மூட்டைமேல் உட்காருவார், "என்ன முதலாளி, இன்னும் மனசு மாறலியா?" என்பார். "உங்க சரக்கு நல்ல சரக்குதாங்க ஐயா. எனக்கு வேற எடத்துல வாடிக்கை" என்பேன். சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை இழுப்பார்.

நாங்கள் எப்படிப் பழகினோம்? இருவருமே சுமை தூக்கினவர்கள். கடை வைப்பதற்கு முன்னால் நான் சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறியவன். அவர் புத்தக மூட்டையோடு ஏறுவார். துரை அனுமதி கொடுக்கும்வரை இருவரும் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறோம். லயத்து நாய்கள் எங்களில் வித்தியாசம் பார்க்கவில்லை. நான் விலை சொல்லி விற்றேன், அவர் சும்மா கொடுத்தார். ஆனாலும் திரும்பி இறங்கும்போது என் மூட்டை இளைத்திருக்கும், அவர் மூட்டை அப்படியே இருக்கும்!

நான் மறைத்துப் பேசத் தெரியாதவன். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். ஐயா, இத்தனை வருஷமாக மலை ஏறுகிறீர்களே, உங்கள் சபையில் சேர்ந்தவர்களை இந்த ஸ்டோரில் உட்காரவைத்தால் பாதி பெஞ்சு காலியாக இருக்கிறதே, இதைத்தானா வெற்றி என்கிறீர்கள் என்று. அவருக்குக் கோபம் வரவில்லை.

"நீங்க கடைக்கு வந்தவங்களை எண்ணுறீக முதலாளி. நான் போன வீட்டை எண்ணுறேன்" என்றார்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்த ஊவா மாகாணத்தில் அவரைவிடப் பணக்காரர் யார்?

காய்ச்சல் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு லயத்துக்குள் போக மனிதர் பயந்த நாட்கள். தாவீது கங்காணியார், இதுதான் கடைசிக் காலத்தின் அடையாளம் என்றார். ஞானசிகாமணி வாத்தியார், இனிமேலாவது தோட்டத்துக்குத் தோட்டம் ஆஸ்பத்திரி வரும், உலகம் இப்படித்தான் படிப்படியாகத் திருந்தும் என்றார். இருவரும் இந்தச் சபையின் மூப்பர்கள், என் நண்பர்கள், இதோ முன்வரிசையில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உபதேசியார் அப்போது என்ன சொன்னார்? எனக்குத் தெரியாது. அவர் ஊரில் இல்லை, லயத்தில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். கருப்பம்மா இங்கே வந்திருக்கிறாள். அவள் புருஷன் இறந்த நாளைப்பற்றி என்னிடம் சொன்னாள்: "பாடை தூக்க மூணு பேருதாங்க எந்திரிச்சு நின்னாங்க. நாலாவது தோளு உபதேசி ஐயாதாங்க." அது இந்துப் பாடை. தப்படித்துத்தான் போனது. சுடுகாடுவரை தூக்கிக்கொண்டு போனார், சடங்கு நடக்கும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் தள்ளி நின்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லவேண்டுமானால் இந்த ஸ்டோரின் குத்தகைக் கதையைச் சொல்லவேண்டும். குத்தகைக் கதையைச் சொல்லவேண்டுமானால் ஆயிர வருஷ அரசாட்சியைப்பற்றிச் சொல்லவேண்டும். போதகர் ஐயா பதறவேண்டாம், எனக்கு அது மூப்பர்கள் இருவரும் என் கடையில் நின்று சண்டை போட்டதில் பாடமானது.

கோப்பிச் செடியில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்து பல வருஷம் சென்றபின், வௌவால் குடியிருந்த இந்த ஸ்டோரை நான் மலிவாக வாங்கினேன். வாங்கின மாதமே உபதேசியார் வந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபம், இடம் வேண்டும் என்றார். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். எந்தச் சொந்தக்காரனும் கேட்கிற கேள்விதானே? ஆனால் அந்தக் கேள்விக்கு இந்தச் சபையால் ஒரே வாயால் பதில் சொல்ல முடியவில்லை!

ஏன்? உங்கள் வேதத்தின் கடைசியில் கிறிஸ்து ஆயிரம் வருஷம் அரசாளுவதைப்பற்றி எழுதியிருக்கிறதாம். தாவீது கங்காணியார் கட்சி சொல்வது என்னவென்றால், உலகம் நாளுக்கு நாள் கெட்டுத்தான் போகும். கெட்டு முற்றின வேளையில் அவர் நேரில் வந்து பூமியில் ராஜ்யத்தை நிறுத்துவார். அதுவரை சபையின் வேலை எரிகிற லயத்திலிருந்து அகப்பட்டவரை வெளியே இழுப்பது. வாத்தியார் கட்சி சொல்வது வேறு. சுவிசேஷம் மெதுவாக உலகம் முழுவதையும் வெல்லும். சண்டை ஓயும், குடி ஒழியும், அந்த ஆயிரம் வருஷ சமாதானம் சபையின் உழைப்பாலேயே விளையும். அதன்பின் அவர் வருவார். என் பாஷையில் சொன்னால், கங்காணியாருக்கு முதலாளி வந்தபிறகுதான் கடை திறக்கும். வாத்தியாருக்குக் கடையைத் திறந்து, கூட்டி, சாமான் அடுக்கி, வியாபாரமும் செழித்தபிறகுதான் முதலாளி வருவார்.

ஆகவே கங்காணியார் ஒரு வருஷக் குத்தகை போதும் என்றார். "தொண்ணூத்தொம்பது வருசம்னு எழுதினா, ஆண்டவரே அதுவரைக்கும் வராதீங்கன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். வாத்தியார் தொண்ணூற்றொன்பதுக்கு ஒரு நாள் குறைத்தாலும் சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம் என்று எழுதுவது சுவிசேஷம் தோற்றுப்போகும் என்று எழுதுவதுதான் என்றார்.

இருவரையும் கடைக்காரன் கண்ணால் பார்த்திருக்கிறேன். யுத்த காலத்தில், எருசலேம் இங்கிலீஷ்காரர் வசமாகிவிட்டது, இந்த வருஷமே ஆண்டவர் வருகிறார் என்று கங்காணியார் பிரசங்கம் செய்தார். அந்த வாரமே என் கடைக்கு வந்து, இருப்பதில் உறுதியான குடை எது என்று கேட்டார். ஏன் கங்காணியாரே, வருகை இந்த வருஷம் என்றீர்களே என்றேன். "அதுவரைக்கும் மழை பெய்யுமில்ல" என்றார். குடையை எடுத்துக் கொடுத்தேன். வாத்தியாரோ உலகம் நல்லதாகிக்கொண்டே வருகிறது என்பவர். ஆனால் என் தராசை மட்டும் இரண்டு தடவை பார்க்காமல் சீனி வாங்கமாட்டார். கங்காணிமார் கடன் துண்டைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த வழக்கத்தைச் சட்டம்போட்டு ஒழித்தபோது, பாருங்கள், சுவிசேஷத்தின் வெற்றி என்று வாத்தியார் துள்ளினார். அதே வருஷம் கங்காணியார் உலகம் முன்னைவிடக் கெட்டுவிட்டது என்றார். ஒரு கங்காணிக்கு அந்த வருஷம் அப்படித் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவரே சிரிக்கிறார், நல்லது.

சரி, உபதேசியார் எந்தக் கட்சி? ரயில் பதுளைக்கு வந்த புதிதில், ஹாலிஎல ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். ஆயிரம் என்பது எண்ணிப் பார்க்கிற ஆயிரமாக இருக்கவேண்டியதில்லை, நிறைவைக் காட்டுகிற தொகை என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார். அவர்கள் கணக்கில் அந்த அரசாட்சி இனிமேல் வரவேண்டியது அல்ல, நடந்துகொண்டிருப்பது. பிறகு தன் சொந்தப் பேச்சில் சொன்னார்:

"ராஜா எப்பவோ ராஜாதான் முதலாளி. குடிகளுக்குத்தான் சேதி போய்ச் சேரல. அதைச் சொல்லத்தான நான் நடக்கேன்."

அப்படியானால் உலகம் நல்லதாகிறதா, கெட்டுப்போகிறதா என்று விடாமல் கேட்டேன். தண்டவாளத்தைக் காட்டினார். "ரெண்டும் சேந்தேதான் வளருது. இந்த ரயில்லதான் மருந்துப் பெட்டி வந்துச்சு. இதே ரயில்லதான் தவறணைக்குச் சாராயப் பீப்பாயும் வந்துச்சு. எதைப் பாத்து என்னன்னு சொல்ல?"

நான் வியாபாரி. வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் பார்த்துப் பழகினவன். எனக்கு அந்த மூன்றாவது பதில் பிடித்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: மற்ற இரண்டு கட்சிகளையும் அவர் ஒருநாளும் இளப்பமாகப் பேசினதில்லை. கங்காணியாரிடமிருந்து அவசரத்தை எடுத்துக்கொண்டார், வாத்தியாரிடமிருந்து பொறுமையை எடுத்துக்கொண்டார், இரண்டையும் காலில் போட்டு நடந்தார். நடந்தார், நடந்தார், பசறை ரோட்டு மதகுவரை நடந்தார்!

நான் ஸ்டோர் வாங்கின காலத்தில் நடந்த அந்தக் குத்தகைச் சண்டையை அவர்தான் தீர்த்தார். "என் பேர்ல எழுதுங்க முதலாளி. நான் இருக்கிற வரைக்கும்" என்றார். உங்களுக்குப் பிறகு என்று கேட்டேன். "அப்ப நீங்க பாத்துக்கிடுங்க" என்றார்.

இப்போது அந்த "அப்ப" வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையோடு குத்தகை முடிந்தது. நேற்று முன்தினம் அடக்கம் முடிந்து நான் கடைக்குத் திரும்பினதும் கங்காணியார் வந்தார், ஒரு வருஷம் என்றார். அவர் வெளியே போகக் காத்திருந்து வாத்தியார் வந்தார், தொண்ணூற்றொன்பது என்றார். ஒருவர் பத்திரத்தில் மற்றவர் கையெழுத்துப் போடமாட்டாராம். இந்த இடம் முன்னைப்போல வௌவால் இடமா? ஸ்டேஷனுக்குப் பக்கத்து இடம். பின்வரிசையில் இருக்கும் பலீல் நானா இதைத் தன் வியாபாரச் சாமான்களை அடுக்கிவைக்கக் கேட்டு மாதக்கணக்காகிறது. நல்ல வாடகை, ரொக்கமாக. அவர் மரியாதை தெரிந்தவர். "மனுசன் மௌத்தாகின நேரம் வியாபாரம் பேசப்படாது, பொறகு கதைப்பம்" என்று ஒதுங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், மூப்பர்கள் இருவரும் இப்படியே நின்றால் பலீல் நானாவுக்கே கொடுத்துவிடுவது என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன். தங்களுக்குள் வழக்குத் தீராதவர்களுக்கு இடத்தைக் குத்தகைக்கு விடுகிறவன் வியாபாரி அல்ல.

அப்போது பரிமளம் அம்மாள் வந்தார். பெண்பிள்ளைகளின் வகுப்பை ஆரம்பத்திலிருந்து நடத்துகிறவர் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தேயிலை பறிக்கக் கொழுந்துக்கூடைக்குப் போகிற வயசு வருமுன் தன் பேரையாவது எழுதப் படிக்கட்டும் என்று, லயம் லயமாகத் தாய்மாரிடம் கெஞ்சிச் சேர்த்த வகுப்பு. ஒரு வாரம் கதவு மூடினால் போதும், பிள்ளைகள் மலைக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மூப்பர்கள் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆயிரம் வருசத்தை அவுக ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும் முதலாளி. எனக்குத் திங்கக்கிழமை வேணும். திங்கக்கிழமை கதவு தெறக்குமா?"

நான் பல பேரோடு பேரம் பேசியவன். இப்படிக் குறைவாகக் கேட்டு என்னை மடக்கினவர்கள் வேறு யாரும் இல்லை. திங்கட்கிழமை திறக்கும் என்றேன். அதற்கடுத்த திங்கட்கிழமை என்று கேட்டார். அதுவும் திறக்கும் என்றேன். அதற்கும் அடுத்தது என்று கேட்டார். அங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது!

இன்று காலை இதே கட்டடத்தில், போதகர் ஐயா முன்னிலையில், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினோம். திங்களுக்குத் திங்கள் என்றால் ஆண்டவரை யாரும் காக்கவைக்கவில்லை என்று கங்காணியார் ஒப்புக்கொண்டார். முடிவு நாள் என்று ஒன்றும் எழுதவில்லையென்றால் அதற்குள் ஆயிரம் வருஷமும் அடங்கும் என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார். பலீல் நானா, "புள்ளைகள் படிக்கிற சத்தத்துல சாமான் கெட்டுப்போகாது, எனக்கு ஸ்டோருக்குப் பின்னுக்குள்ள வண்டிக் கொட்டில் போதும்" என்றார்.

அன்பர்களே, உபதேசியாரின் வேலையைத் தொடர்வோம் என்று கையை உயர்த்திச் சபதம் செய்வது சுலபம். நான் கடைக்காரன். சபதத்தை நிபந்தனையாக எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை. எழுதியதை வாசிக்கிறேன்.

குத்தகை பரிமளம் அம்மாள் பேரில், அவருக்குப் பிறகு அந்த வகுப்பை நடத்துகிறவர் பேரில். வருகிற திங்கட்கிழமை ஆரம்பம். எந்தத் திங்கட்கிழமை ஒரு பிள்ளையாவது வந்து பெஞ்சில் உட்காருகிறதோ, அந்தத் திங்கள் முதல் அடுத்த திங்கள்வரை குத்தகை தானாகப் புதுப்பிக்கப்பட்டதாகும். என் மக்களோ பேரமக்களோ இதை மாற்றக்கூடாது. கூரை என் செலவு, சுண்ணாம்பு சபையின் செலவு. சாட்சிக் கையெழுத்து தாவீது கங்காணியும் ஞானசிகாமணி வாத்தியாரும், ஒரே தாளில். கிறிஸ்து வரும் பட்சத்தில் இடத்தைக் காலி செய்ய முன்னறிவித்தல் தேவையில்லை. வாடகை மாதம் ஐந்து ரூபாய்.