பாதிக் கூடு

எங்க நெட்டூரணிக்கு வந்தா சில வீட்டு நிலைப்படியில தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். முழுக் கூடு இல்ல, பாதிக் கூடு. ஏன் பாதி? நானும் கேட்டேன். எனக்குச் சொன்னதைச் சொல்றேன்.

பர்மாவுல சண்டை நடந்த காலமாம். இங்க ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். தாலி கட்டுன வருசமே புருசன் மாயழகு பட்டாளத்துக்குப் போயிட்டானாம். அப்புறம் ஒரு சேதியும் இல்லையாம்.

அவன் இருக்கானா செத்தானான்னு வீட்டுல எந்நேரமும் அதே பேச்சு. தாங்காம, கிணத்தடி ஈச்சமரத்துக்கிட்ட போயி உக்காருவாளாம். மரம் முழுக்கக் குருவிக் கூடு. பாத்துக்கிட்டே இருந்தா நெஞ்சு கொஞ்சம் அடங்குமாம். குருவி பாக்குறதெல்லாம் ஒரு வேலையான்னு ஊரே கேட்டுச்சாம்.

ஒருநாள் மாமனார் பெரியகருப்பன் ஊராளுகளோட அங்கேயே வந்துட்டாராம். மரத்துல ஒரு பாதிக் கூடு சும்மா ஆடுச்சாம். கூடு பாதியில நின்னா, கட்டுன குருவி செத்துருச்சுன்னு அப்ப ஒரு நம்பிக்கை.

"பாத்தியா ஆத்தா, சாமியே காட்டிருச்சு. அவன் போயிட்டான். கருமாதியப் பண்ணி தாலிய எறக்கிருவோம்."

ஒச்சாயி சிரிச்சாளாம். "மாமா, அதைக் கட்டுனது சாகல. அந்தா மேல் மட்டையில குந்தியிருக்கு பாருங்க, மஞ்சத் தலை."

"எல்லாமே மஞ்சத் தலைதான!"

"அது நொண்டி. பொட்டை வந்து பாத்துச்சு, கூடு பிடிக்கல, போயிருச்சு. இப்ப இது அடுத்ததைக் கட்டுது. ஒரு நாளாச்சும் உக்காந்து பாத்தீங்களா?"

"ஏத்தா, குருவி சொல்லி ஊரு கேக்கணுமா?"ன்னு ஒருத்தர் எகிறுனாராம்.

"நீங்க மட்டும் எது சொல்லித் தாலிய அறுக்க வந்தீங்க? குருவிக் கூடுதான?"

அப்புறம் எல்லாரும் உக்காந்து பாத்தாங்களாம். நொண்டிக் குருவி நாரு கொண்டுவந்துச்சாம். புதுக் கூட்டுல செருகுச்சாம். போச்சாம். மறுபடி வந்துச்சாம். பெரியகருப்பன் கருமாதிப் பேச்சை விட்டுட்டாராம். கீழ விழுந்து கிடந்த பாதிக் கூடு ஒண்ணை எடுத்துட்டுப் போயி, அவரே நிலைப்படியில கட்டுனாராம்.

மாயழகு வந்தானா? வந்தான்னு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். வரலையாம். ஒச்சாயி தாலியோடதான் செத்தாளாம்.

அதுலேருந்து, போன ஆளோட சேதி தெரியாத வீட்டுல பாதிக் கூடு கட்டுறாங்க. அந்த வீட்டுக்குப் போனா "இன்னும் வரலையா"ன்னு கேக்கக் கூடாது. உக்காந்து தண்ணி வாங்கிக் குடிங்க. வேற எதையாச்சும் பேசுங்க.