அத்தான் கேட்ட டிரான்ஸ்ஃபார்மர்

நியான் போர்டு வாங்க வருகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்கள்தான் ஐயா முதலில் கேட்கிறீர்கள். பொறுமையாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குழாயின் நீளத்தையும் பருமனையும் அளந்து, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்த வேண்டும். சக்தி குறைந்தால் எழுத்து கண் சிமிட்டும். கூடினால் குழாயின் முனை கருகும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு போர்டுகூடத் திரும்பி வந்ததில்லை.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கட்டில் மெத்தை விற்கிறவர். போர்டில் கடையின் பெயர் ஒரு முழம். 'உறக்கச் செம்மல்' என்ற அவருடைய பட்டம் மூன்று முழம். அந்தப் பட்டத்தைக் கொடுத்த சங்கத்துக்குத் தலைவரும் அவரே, பொருளாளரும் அவரே. விழாவில் கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

கடைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "நம்ம மச்சான்தான். படிப்பு ஏறல, ஏணி மட்டும் ஏறுவான்" என்பார். அக்காவும் சிரிப்பாள். அவள் பயத்தில் சிரிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். என்னோடு வந்துவிடு என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"எதுக்குடா வரணும்? அவருக்கு வாய்தான் நீளம், மனுசன் தங்கம்" என்றாள்.

அதையும் பயத்தில்தான் சொன்னாள்.

போர்டுக்கு நான் முதலில் வைத்தது புதுவகை டிரான்ஸ்ஃபார்மர். எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும். மழைக்காலம் வந்தது, அணைந்தது. அத்தான் போன் செய்தார்.

"என்ன மச்சான், தூறல் விழுந்தாலே செம்மல் படுத்துடுறாரு? எதிர்க்கடைக்காரன் பல்லக் காட்டுறான்."

"எங்கயோ கசியுது அத்தான். பாத்து சரி பண்றேன்."

"கசியுதோ கிசியுதோ, அணையாததா ஒண்ணு மாட்டு. இந்த வேலையாச்சும் உருப்படியாச் செய்."

ஏறிப் பார்த்தேன். கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒயரின் உறை வெடித்து, இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. நான் அதில் கை வைக்கவில்லை. அவர் கேட்டது டிரான்ஸ்ஃபார்மர். என் பட்டறைப் பரணில் பழைய இரும்புப்பெட்டி ஒன்று கிடந்தது. அதற்குக் கசிவு, கண்ணீர் எதுவும் தெரியாது. யார் தொட்டாலும் தன் வேலையைப் பார்க்கும். வோல்ட் அளவு இம்மி பிசகாமல் பொருந்தியது.

அத்தானுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் போர்டைப் போட்டதும் ஏணியில் ஏறி, ஈரத்துணியால் பட்டத்தைத் துடைப்பார். எரியும்போதுதான் தூசி தெரியுமாம். வேறு யார் கையும் அதில் படக் கூடாது. அக்கா கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள். இது ஆபத்து என்று பத்து முறையாவது சொல்லியிருக்கிறேன். "உன் வேலையைப் பாரு" என்பார். பார்த்தேன்.

அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

"அக்கா, ஒரு டீ போடேன். ஏணிய நான் பிடிச்சுக்கறேன்."

"சர்க்கரை கம்மியாத்தானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

நான் ஏணியைப் பிடிக்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தான் ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்துக்கொண்டே போய், கடைசி எழுத்தில் நின்றுவிட்டார். கத்தவில்லை. அந்த நிலையில் யாராலும் கத்த முடியாது. சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடச் சிமிட்டவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தேர்வில் பிழையில்லை.

டீயோடு வந்த அக்கா டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் சரிந்து விழப்போகிறார் என்று நினைத்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். தொடாதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரைப் பிடிக்காத ஒருத்தி எதற்காக அப்படி ஓடினாள் என்பது எனக்கு விளங்கவில்லை. அதைக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் அணைத்தேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அக்காவின் நல்லதை நினைத்தவன் நான் ஒருவன்தான் என்பதையும் அதற்குக் கீழே மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.